நீலப் படகு

போன வாரம் ஓவியங்களைப் பற்றிய ஒரு பத்திரிகையை மேஜை மேல் விரித்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் மனைவி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"இது என்ன, நம் பேத்தி வெட்டி ஒட்டினதா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நல்ல நீலப் பின்னணி. நடுவில் கறுப்பாக ஒரு மனித உருவம், கைகளை விரித்துக் கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. மார்பில் ஒரு சிவப்புப் பொட்டு. சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகச் சிதறிய நட்சத்திரங்கள். கத்தரிக்கோலும் கலர்க் காகிதமும் பசையும் கிடைத்தால் எந்தக் குழந்தையும் செய்து விடும் என்றுதான் முதல் பார்வையில் தோன்றும்.

"இல்லை, மாத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வெட்டினது. 'ஜாஸ்' என்ற புத்தகத்தில் ஒரு பக்கம்."

"புத்தகமா? தைக்கவே இல்லையே! தாள் தாளாக அல்லவா இருக்கிறது?"

"அது அப்படித்தான். வேண்டுமானால் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்க்கலாம்."

"என்ன விலையோ?"

"முழுப் பிரதி ஏலத்துக்கு வந்தால், ஒரு வீடு வாங்குகிற பணம்."

அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை பேத்தி வெட்டிப் போட்ட காகிதங்களைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் எடுத்து வைத்ததைப் பார்த்தேன்!

இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு ஓவியர் புத்தகம் என்று பெயர். பாரிஸில் பிறந்த வழக்கம். ஒரு கவிஞருடைய பாட்டோ பழைய கதையோ இருக்கும். அதற்குப் பெரிய ஓவியர் ஒருவர் படம் போடுவார். நம் தொடர்கதைக்குப் படம் போடுகிற மாதிரி அல்ல. ஓவியரே கல்லிலோ செப்புத் தகட்டிலோ தம் கையால் வரைந்து, அதிலிருந்து நேராக அச்சிடுவார்கள். 200 பிரதி, 250 பிரதி, அவ்வளவுதான். வொல்லார் என்ற படக்கடைக்காரர் 1900ல் இப்படி ஒரு கவிதைப் புத்தகத்தைப் போட்டபோது சீந்துவாரில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பணக்காரர்களுடைய பீரோக்களில் இந்தப் புத்தகங்கள் இடம் பிடித்துக் கொண்டன.

ஆனால் நான் இந்த வாரம் சொல்ல வந்தது பீரோக்களைப் பற்றி அல்ல. 1939ல் யுத்தம் வந்தது. 1940ல் ஹிட்லருடைய படைகள் ஹாலந்தையும் பிரான்சையும் விழுங்கின. காகிதம் கிடையாது, மை கிடையாது, எதை அச்சிட்டாலும் ஜெர்மானியருடைய கண் பார்க்கும். அந்த நாளில் யார், எதற்காக, அழகான புத்தகம் போட்டுக் கொண்டிருந்தார்கள்? அதைத்தான் நான் படித்துக் கொண்டிருந்தேன்.

முதலில் மாத்தீஸின் கதையை முடித்து விடுகிறேன். 1941 ஜனவரியில் அவருக்கு வயிற்றில் புற்று நோய்க்காகப் பெரிய ஆபரேஷன் நடந்தது. வயது 71. பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். பிழைத்தார்; ஆனால் படச் சட்டத்தின் முன்னால் நெடுநேரம் நிற்கத் தெம்பு இல்லை. படுக்கையில் சாய்ந்தபடியும் நாற்காலியில் உட்கார்ந்தபடியும் வேலை செய்ய ஒரு வழி வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தார். உதவிக்கு இருந்த பெண்கள் காகிதங்களுக்கு அடர்த்தியாக வர்ணம் பூசி உலர்த்திக் கொடுப்பார்கள், அவர் வெட்டுவார். முன்கூட்டிப் பென்சிலால் கோடு போட்டுக் கொள்வதில்லை. ஜவுளி வெட்டுகிற கை நன்றாகப் பழகிவிட்டால் கத்தரி தானே வழி தெரிந்து போகும் என்பார்களே, அந்த மாதிரி.

இதைப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று விடாமல் பின்னால் நின்றவர் தேரியாத் என்ற பிரசுரகர்த்தர். கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவுக்காரர். பாரிஸுக்கு வந்து 'வெர்வ்' என்ற அழகான கலைப் பத்திரிகையை நடத்தியவர். பிரசுரகர்த்தர் என்றால் காரியதரிசியை விட்டுக் கடிதம் எழுதச் சொல்பவர் என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். வயோதிகர் ஒருவர் படுக்கையில் உட்கார்ந்து காகிதம் வெட்டுவதைப் பெரிய கலை என்று நம்பி, யுத்த காலத்தில் வருஷக் கணக்கில் காத்துக்கொண்டிருந்தவர் இவர்.

1944 ஏப்ரல் மாதம். மாத்தீஸ் தென்பிரான்சில் வான்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிறார். அவருடைய மனைவி அமேலியும் மகள் மார்கரீத்தும் பிரிந்து வேறிடத்தில் இருந்தார்கள். இருவரும் ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்திருந்தார்கள். தாயார் டைப் அடித்துக் கொடுப்பார். மகள் செய்தி கொண்டு போவாள். கெஸ்டபோ இருவரையும் பிடித்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டியிருந்த அமேலிக்கு ஆறு மாதச் சிறை. மார்கரீத்தைச் சித்திரவதை செய்து, ஜெர்மனியில் பெண்களுக்கென்றே வைத்திருந்த ராவென்ஸ்ப்ரூக் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ரயில் எல்லை தாண்டாமல் வழியில் தடைப்பட்டது, அவள் பிழைத்தாள். இத்தனையும் தகப்பனாருக்கு உடனே தெரியாது. மனைவி எங்கே, பெண் எங்கே என்று தெரியாமல் மாதக் கணக்கில் அவர் அந்த அறையில் இருந்திருக்கிறார். சுவர் நிறையக் கலர்க் காகிதம்.

அந்தக் கறுப்பு மனிதனைச் சுற்றியுள்ள மஞ்சள் நட்சத்திரங்கள் நட்சத்திரங்களே அல்ல, குண்டு வெடிக்கும் ஒளி என்று சிலர் சொல்கிறார்கள். நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. ஆனால் மேலே சொன்னதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பக்கத்தைப் பேத்தி வெட்டிய காகிதமாகப் பார்க்க முடியவில்லை.

புத்தகம் 1947ல் வெளிவந்தது. இருபது படங்கள், 270 பிரதிகள். வாசலில் கோலம் போட ஓட்டைகள் போட்ட தகடு வைத்திருப்பீர்களே, மாவைக் கொட்டித் தேய்த்தால் தாமரை விழும்; அதே தத்துவம்தான். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தகடு வெட்டி, மாத்தீஸ் உபயோகித்த அதே வர்ணத்தையே பிரஷ்ஷால் கையாலேயே பூசினார்கள். படங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று மாத்தீஸ் பெரிய பெரிய எழுத்தில் தம் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். உலகமே மெச்சியது. அவருக்கு மட்டும் திருப்தியில்லை! வெட்டிய காகிதத்தில் இருந்த உயிர் அச்சில் இல்லை என்று நண்பருக்கு எழுதிப் பொருமினார். நாம் பலகாரம் செய்து எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடும்போது, செய்தவளுக்கு மட்டும் பாகு ஒரு கம்பி கூடிவிட்டது தெரியுமே, அதுபோலத்தான்.

தேரியாத் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். வொல்லார் 1939ல் மோட்டார் விபத்தில் இறந்தபோது ஷகால் என்ற ஓவியர் அவருக்காகச் செதுக்கிய செப்புத் தகடுகள் புத்தகமாகாமல் கிடந்தன. ஷகால் யூதர், 1941ல் அமெரிக்காவுக்குத் தப்பியோடியவர். அங்கே 1944ல் மனைவியைப் பறிகொடுத்தவர். யுத்தம் முடிந்தபின் தேரியாத் அந்தத் தகடுகளைத் தேடியெடுத்து 1948லும் 1952லும் 1956லும் ஒவ்வொரு புத்தகமாக வெளியிட்டார். இருபது வருஷத்துக்கு முன் செய்த வேலைக்கு அப்போதுதான் அச்சு வாகனம் கிடைத்தது.

ஆகட்டும். மாத்தீஸுக்கு உலகப் புகழ் இருந்தது. தேரியாத் போல ஓர் ஆளும் இருந்தார். இரண்டும் இல்லாதவர்கள்?

பாரிஸிலேயே ழான் ப்ரூலேர் என்று ஒருவர். யுத்தத்துக்கு முன் கேலிச் சித்திரங்கள் வரைந்து அவற்றை வெகு நேர்த்தியான புத்தகங்களாகப் போட்டவர். ஜெர்மானியர் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கிராமத்தில் ஒரு தச்சரிடம் வேலைக்குச் சேர்ந்து கொண்டார். அங்கே இருந்தபடி 'வெர்கோர்' என்ற புனைபெயரில் ஒரு சிறிய கதை எழுதினார். ஒரு வீடு, ஒரு பெரியவர், அவருடைய மருமகள் முறைப் பெண். ஜெர்மன் அதிகாரி ஒருவன் அந்த வீட்டில் தங்க உத்தரவாகி வந்து சேர்கிறான். மரியாதையான பையன்தான். தினமும் மாலையில் வந்து பேசுகிறான். வீட்டார் இருவரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவ்வளவுதான் கதை.

இதை யார் அச்சிடுவார்? கல்யாணப் பத்திரிகையும் சாவு அறிவிப்பும் அச்சிட்டுப் பிழைத்து வந்த ஊத்வீல் என்பவர் ஒப்புக் கொண்டார். நம் தெருக்கோடிகளில் முன்பெல்லாம் இருக்குமே, ஒரு மெஷின், ஒரு முதலாளி, அந்த அளவு அச்சுக்கூடம். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. அதை ஜெர்மன் ராணுவம் எடுத்துக் கொண்டிருந்தது! வாசலில் ஜெர்மானிய சிப்பாய்கள் நடமாட, உள்ளே ஒரு தடவைக்கு எட்டுப் பக்கமாக அச்சு ஓடிற்று. தாள்களை மூட்டை கட்டிக்கொண்டு போய் இவோன் பராஃப் என்ற பெண்மணியின் வீட்டில் சேர்ப்பார்கள். அவரும் சிநேகிதிகளும் ஊசி நூல் எடுத்துத் தைத்து, பசை ஒட்டி, அட்டை போட்டார்கள். 350 பிரதி. 1942 பிப்ரவரியில் தயாராயிற்று. ஒவ்வொரு பிரதியும் பிடிபட்டால் தலை போகும். ஆனாலும் நல்ல காகிதம், தாராளமான ஓரம், நேர்த்தியான அச்சு. திருட்டுத்தனமாகச் செய்கிற வேலைதானே என்று ஏனோதானோ என்று செய்யவில்லை. சித்திரக்காரருடைய கண் அதை அனுமதிக்கவில்லை போலும்.

ஹாலந்தில் வேறு விதம். 1941 மார்ச் 13ந் தேதி ஜெர்மானியர் பதினெட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். யான் காம்பெர்ட் என்ற கவிஞர் அவர்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். யூதர்களுக்கு உதவியதற்காகப் பிடிபட்டு, 1943 ஜனவரியில் அவரும் முகாமில் மாண்டு போனார். உட்ரெக்ட் நகரத்து மாணவர்கள் அந்தக் கவிதையைப் படத்துடன் ஒரே தாளில் அச்சிட்டு, தாள் ஐந்து கில்டர் என்று விற்றார்கள். ஒரு தாளுக்கு அது கொள்ளை விலை. ஆனால் வாங்கினவர்களுக்குத் தெரியும், அந்தப் பணம் எங்கே போகிறதென்று. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிராமங்களில் ஒளித்து வைத்திருந்த யூதக் குழந்தைகளுக்குப் பாலுக்கும் ரொட்டிக்கும் போயிற்று. சுமார் 15,000 தாள்கள் விற்றன. பெற்ற குழந்தையை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். படம் போட்ட ஒரு தாள் அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது.

இதுவரை சொன்ன இரண்டுக்கும் 'எதற்காக' என்ற கேள்விக்குச் சுலபமாகப் பதில் கிடைக்கிறது. ஒன்று எதிரிக்கு எதிராக எழுதினது. மற்றொன்று குழந்தைகளுக்குப் பணம் சேர்த்தது. இனிமேல் சொல்லப் போகிறவர் விஷயத்தில் அப்படி இல்லை. இவரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

ஹாலந்தின் வடகோடியில் குரோனிங்கன் என்று ஒரு நகரம். அங்கே ஹெண்ட்ரிக் வெர்க்மான் என்று ஓர் அச்சுக்கூடக்காரர் இருந்தார். 1882ல் பிறந்தவர். ஒரு காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்களை வைத்து வேலை வாங்கிய முதலாளி. 1917ல் முதல் மனைவி இறந்தாள். முதல் மகா யுத்தத்துக்குப் பின் வியாபாரம் நொடித்தது. 1923ல் எல்லாம் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு பழைய கைப்பிரஸ், சில பெட்டி டைப்புகள், இவற்றைத் தூக்கிக் கொண்டு ஆற்றங்கரையில் ஒரு கிடங்கின் மாடிக்குக் குடியேறினார். நோட்டீஸ், ரசீது, அழைப்பிதழ் என்று வந்ததை அச்சிட்டு வயிற்றைக் கழுவினார்.

நாற்பத்தோரு வயதில் முதலாளி பட்டம் போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்? ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒடுங்கிப் போவான். வெர்க்மான் விளையாட ஆரம்பித்தார்! நோட்டீஸுக்கு வைத்திருந்த பெரிய மர டைப்புகளை எடுத்து, வார்த்தைக்காக அல்லாமல் உருவத்துக்காக அச்சிட்டார். 'ஓ' என்ற எழுத்து வட்டம். 'ஈ' என்ற எழுத்து சீப்பு. ஒருநாள் கதவுப் பூட்டின் தகட்டைக் கழற்றி மை தடவி அதையும் அச்சடித்து விட்டார். அதுதான் அவர் ஆரம்பித்த பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. 1923லிருந்து 1926 வரை ஒன்பது இதழ்கள் போட்டார். சந்தா கிந்தா எதுவும் கிடையாது. ஐரோப்பாவெங்கும் பிடித்த ஓவியர்களுக்குத் தபாலில் அனுப்புவார். ஊரில் இருந்தவர்கள், பாவம், மனிதனுக்குக் கடன் தொல்லையில் புத்தி பேதலித்து விட்டது என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

அவருடைய வேலை முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அச்சுக்கூடத்தில் ரோலர் என்று ஒன்று இருக்கும். டைப்பின் மேல் மை தடவுவதற்கு. வெர்க்மான் ரோலரை நேரே காகிதத்தின் மேலேயே உருட்டினார். ஒரு பக்கமாகச் சாய்த்து அதன் ஓரத்தால் கோடு இழுத்தார். காகிதத்தில் மனித உருவம், மரம், பறவை என்று வெட்டி அதன் மேல் ரோலரை ஓட்டி எடுத்தார். வர்ணத்தின் மேல் வர்ணமாகப் போடப் போட, ஒரே தாள் ஐம்பது தடவை வரை பிரஸ்ஸுக்குள் போய் வந்ததுண்டு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதில் ஒரு சங்கடம், அல்லது ஓர் அழகு, எப்படி வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளுங்கள்: அச்சடித்ததுதான் என்றாலும், ஒரு தாளைப் போல இன்னொரு தாள் இராது. ஒவ்வொன்றும் புதிதாகப் போட்டது. ஒரே கை போட்ட இரண்டு நாள் கோலங்கள் போல.

1940 மே மாதம் ஜெர்மானியர் வந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மூன்று பேர் வெர்க்மானைத் தேடி வந்தார்கள். ஹென்கெல்ஸ் என்று ஒரு பாதிரியார், ஓர் உபாத்தியாயினி, ஒரு ரசாயன நிபுணர். நண்பர்களுக்குப் புது வருஷ வாழ்த்தாக அனுப்ப ஒரு கவிதையை அச்சிட்டுத் தர வேண்டும் என்றார்கள். நைஹாஃப் என்ற கவிஞர் 1572ஆம் வருஷத்தைப் பற்றி எழுதியது. அது என்ன வருஷம் என்று டச்சுக்காரக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும்: ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியை எதிர்த்து ஹாலந்து எழுந்து நின்ற வருஷம். கவிதையில் ஜெர்மானியன் பேச்சே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அச்சாகி வந்ததைப் பார்த்து நால்வருக்கும் பரம சந்தோஷம். இதோடு நிறுத்துவானேன் என்று ஒரு பிரசுராலயமே ஆரம்பித்து விட்டார்கள். 'நீலப் படகு' என்று பெயர். நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு கேலிப் பாட்டிலிருந்து எடுத்த பெயர். ஊருக்கும் ஒழுங்குக்கும் அடங்காத பேர்வழிகள் எல்லாம் ஏறிக் கொள்கிற படகு. 1940 கடைசியிலிருந்து 1944க்குள் அந்தப் படகில் நாற்பது வெளியீடுகள் ஏறின. சில நாலு பக்கம். சில பெரிய தாள்கள் கொண்ட கட்டு. நூறு பிரதி போட்டால் அதிகம். பணம் பண்ணுகிற காரியமே அல்ல.

அவர்கள் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் பழைய சரக்குகள். விவிலியச் சங்கீதம், பழைய பிரார்த்தனை, நாட்டுப் பாட்டு. அதிகாரி எடுத்துப் பார்த்தால் கொட்டாவி விட்டுத் திருப்பிக் கொடுத்து விடுவான். ஆனால் விஷயம் தெரிந்தவன் வாசித்தால் உடம்பு சிலிர்க்கும். 1942ஆம் வருஷத்துக்கு ஒரு காலண்டர் போட்டார்கள், கேளுங்கள். கூட்டன்பர்க் காலத்தில், 1455ஆம் வருஷத்துக்காக அச்சான காலண்டர் ஒன்று உண்டு. துருக்கிப் படைகள் வருகின்றன, எழுந்து ஒன்று சேருங்கள் என்று மாதத்துக்கு ஒருவராகப் போப்பையும் ராஜாக்களையும் கூப்பிடுகிற காலண்டர். ஐந்நூறு வருஷத்துப் பழசு! வெர்க்மான் அதற்குப் பளிச்சென்று வர்ணம் கொடுத்து அச்சிட்டார். சுவரில் மாட்டினவர்கள் 'துருக்கி' என்ற இடத்தில் எந்தப் பெயரை வைத்து வாசித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் செய்தவற்றுள் எல்லாம் உயர்ந்தது ஹசிதியக் கதைகள். கிழக்கு ஐரோப்பாவில் பால்ஷெம் என்ற யூத மகான் ஒருவர் இருந்தார். ஆடியும் பாடியும் ஆனந்தமாக ஆண்டவனை வழிபடலாம் என்று ஏழைகளுக்குச் சொன்னவர். அவரைப் பற்றிய கதைகளை மார்ட்டின் பூபர் என்ற அறிஞர் தொகுத்திருந்தார். ஹென்கெல்ஸ் பாதிரியார் அந்தப் புத்தகத்தை வெர்க்மான் கையில் கொடுத்தார். வெர்க்மானுக்கு அதில் மனம் தோய்ந்து விட்டது. 1942ல் பத்துத் தாள். 1943ல் இன்னும் பத்துத் தாள். ஒவ்வொன்றிலும் இருபதே பிரதிகள். சப்பாத் நாளின் மெழுகுவர்த்தி வெளிச்சம், பனியில் நடந்து போகிறவர்கள், குழந்தைகளை அழைத்துக் கொண்டு காட்டு வழியே போகிற மகான். நீலமும் பழுப்பும் மஞ்சளும் ஒன்றுள் ஒன்று கரைந்திருக்கும்.

தேதியைக் கவனியுங்கள். 1942 ஜூலையில்தான் ஹாலந்திலிருந்து யூதர்களை ரயிலேற்ற ஆரம்பித்தார்கள். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். சுமார் ஐயாயிரம் பேர் திரும்பினார்கள். எந்த ஜனங்களை ஊர் ஊராக வாரிக் கொண்டு போனார்களோ, அவர்களுடைய கதையை அதே நாட்களில், அதே நாட்டில், யூதரல்லாத ஒருவர் கிடங்கு மாடியில் நின்றுகொண்டு தாள் தாளாக வர்ணம் போட்டிருக்கிறார். இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிட்டாள்.

"இருபது பிரதியால் யாருக்கு என்ன லாபம்? அந்த நேரத்தில் ஒரு குழந்தையை ஒளித்து வைத்தாலாவது புண்ணியம்."

நியாயமான கேள்விதான். குழந்தையை ஒளித்து வைப்பது அதைவிடப் பெரிய காரியம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்று சொன்னேன். அப்போது ஹாலந்தில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஜெர்மானியர் ஏற்படுத்திய ஒரு சங்கத்தில் சேர்ந்தால்தான் தொழில் செய்யலாம். அதில் யூதர்களுக்கு இடமில்லை. பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் யூதர்களைப் பூச்சி புழுக்களாகச் சித்திரித்தன. நாள் முழுவதும் அதையே பார்த்து அதையே கேட்டுக் கொண்டிருந்த ஊரில், இருபது வீடுகளில் மேஜை மேல் இன்னொரு விதமான படம் இருந்தது. அதில் யூதர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ஆடினார்கள், குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்கள். அவள் 'உம்' என்றாள். ஒத்துக் கொண்ட 'உம்'மா, வாதத்தை முடித்த 'உம்'மா என்று இத்தனை வருஷத்திலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

1945 மார்ச் 13ந் தேதி ஜெர்மன் பாதுகாப்புப் போலீஸ் வந்தது. வெர்க்மானையும் ஹென்கெல்ஸ் பாதிரியாரையும் பிடித்துக் கொண்டு போனார்கள். வெர்க்மானிடம் இருந்த படங்களையும் தாள்களையும் ஏராளமாக அள்ளிக் கொண்டு போனார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. அதற்குள் கனடாப் படைகள் ஹாலந்தின் வடபகுதிக்குள் வேகமாக வந்து கொண்டிருந்தன. இன்னும் சில நாள்; எல்லோருக்கும் தெரியும், ஜெர்மானியருக்கும் தெரியும். ஏப்ரல் 10ந் தேதி சிறையிலிருந்து பத்துப் பேரை வண்டியில் ஏற்றிப் பக்கேவீன் என்ற கிராமத்துக் காட்டுக்குக் கொண்டு போய்ச் சுட்டார்கள். பத்தில் ஒருவர் வெர்க்மான். அவருடைய 63வது பிறந்த நாளுக்குப் பத்தொன்பது நாள் பாக்கி.

மூன்றாம் நாள் கனடாப் படைகள் குரோனிங்கன் வாசலுக்கு வந்து விட்டன. நாலு நாள் தெருச் சண்டை. ஊருக்கு நடுவே பெரிய சதுக்கத்தில் ஸ்கோல்டன் மாளிகை என்று ஒரு வீடு. பாதுகாப்புப் போலீஸின் தலைமையகம் அதுதான். சண்டையில் அது தீப்பிடித்து எரிந்தது. வெர்க்மான் வீட்டிலிருந்து அள்ளி வந்ததெல்லாம் அங்கேதான் இருந்தது.

பாதிரியார் உயிரோடு வீடு திரும்பினார்.

அந்த வருஷமே ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் வெர்க்மானுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். வைத்தவர் அதன் புதுத் தலைவர் ஸாண்ட்பெர்க். அவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல. ஆம்ஸ்டர்டாமில் ஜனங்களின் பெயரும் மதமும் விலாசமும் எழுதிய பதிவேடுகள் இருந்த கட்டடத்துக்கு 1943 மார்ச்சில் தீ வைத்த கூட்டத்தில் ஒருவர். பதிவேடு எரிந்தால் யூதர் யார் என்று தேடுவது கஷ்டமல்லவா? கூட்டாளிகள் பன்னிரண்டு பேரைச் சுட்டு விட்டார்கள். ஸாண்ட்பெர்க் மட்டும் பெயரை மாற்றிக் கொண்டு, யுத்தம் முடியும் வரை ஒளிந்து வாழ்ந்தார். ஒளிந்திருந்த இடத்தில் பொழுது போக என்ன செய்தார் தெரியுமா? கிடைத்த காகிதத்தைக் கிழித்தும் ஒட்டியும், எழுத்துக்களைக் கையால் வரைந்தும் சிறு சிறு புத்தகங்கள் செய்து கொண்டிருந்தார்! வெர்க்மான் செய்ததின் அருமை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நீலப் படகின் தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குரோனிங்கனில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் அவர் நண்பர்களுக்கு அனுப்பியவை, கொடுத்தவை, ஐந்துக்கும் பத்துக்கும் விற்றவை. அவர்களுடைய அலமாரிகளில் இருந்ததால் தப்பித்தவை.

என் மனைவி வெகு நேரம் கழித்து, இரவு கதவைத் தாழ் போட்டுக் கொண்டே கேட்டாள்:

"ஒரு தாளைப் போல இன்னொரு தாள் இராது என்றீர்களே. அப்படியானால் அந்த வீட்டில் எரிந்ததை மறுபடி அச்சிட முடியாதா?"

"முடியாது" என்றேன்.